நாலு நாற்காலி வீடு

"உங்க வீட்டுல எத்தனை நாற்காலிம்மா?"

கேட்டவர் வளர்ச்சி வங்கியின் கணக்கெடுப்பாளர். பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து, வறுமையை ஒழிப்பதற்கென்றே நடத்தும் வங்கி அது. அவர் உட்கார்ந்திருந்தது ஒரு நாற்காலி, பையை வைத்திருந்தது ஒன்று, சும்மா இருந்தவை இரண்டு. பெரிய இடத்து ஆளைத் தரையில் உட்காரவைக்கக் கூடாதே என்று, நான்கையும் காலையில்தான் எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கியிருந்தாள் பொத்தான்காரி. சட்டைக் கம்பெனிக்குக் கையால் பொத்தான் தைத்துத் தைத்து, தெருவில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

"ஒண்ணும் இல்ல சார். இதெல்லாம் இரவல்."

"படிவத்துல 'இருக்கு', 'இல்ல' ரெண்டுதான். இருக்கே." எழுதினார். "ஒண்ணுக்கு ரெண்டு, மொத்தம் எட்டு மார்க்."

"மார்க் எதுக்கு?"

"வறுமையை அளக்கறதுக்கு. முப்பதுக்குக் கீழ எடுத்தா ஏழை. தையல் தெரிஞ்ச தெருங்கறதால, ஏழை வீட்டுக்கு ஒரு கரண்டு தையல் மெஷின் சும்மாவே வரும்."

பொத்தான்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின் இருந்தால் முழுச் சட்டையே தைக்கலாம். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்காமல் திட்டு வாங்கியவள், இப்போது வேண்டாத இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "அக்கா, இது உங்க நாற்காலின்னு வந்து சொல்லுங்க."

அக்கா வந்தாள். சார் வியர்வை துடைப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் திரும்பிப் போய், டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து போட்டுவிட்டாள்.

"ஃபேன், பத்து," என்றார் அவர், படபடத்த தாளை அமுக்கிக்கொண்டு.

"அதுவும் அவங்களோடதுதான் சார்."

"கேட்டதும் குடுக்க ஆள் இருக்கா? அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. ஆறு."

"என்ன கணக்கு சார் இது? உங்க மேலதிகாரி பேரைச் சொல்லுங்க. நானே லெட்டர் போடறேன்."

"எழுதத் தெரியுமா?" அவர் முகம் மலர்ந்தது. "ஏழு. மொத்தம் முப்பத்தொண்ணு. சந்தோஷம்மா, நீங்க வறுமையிலிருந்து வெளிய வந்துட்டீங்க."

"நான் எங்க வந்தேன்? நீங்கல்ல கழுத்தைப் பிடிச்சுத் தள்றீங்க."

முத்திரை குத்திய நகலை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் தெருவில் இறங்கினார். பொத்தான்காரி கதவை அறைந்து சாத்தினாள். அன்றே லெட்டரும் போட்டாள். விசாரிக்க ஆள் வரும்வரை சாட்சி வேண்டும் என்று, நாற்காலிகளையும் ஃபேனையும் இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்தாள்.

பத்தாம் நாள் வங்கியின் வேன் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். மெஷினை எதிர்வீட்டில் இறக்கிவிட்டு வேன் போய்விட்டது.

சற்று நேரத்தில் அக்கா வந்து படியில் நின்றாள்.

"அன்னைக்கு இங்கேருந்து நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தார். உட்காரச் சொல்ல நாற்காலி இல்ல, ஃபேன் இல்ல. உன்கிட்ட கேட்கலாம்னா நீ கதவைத் திறக்கல. எனக்குப் பதினாலு மார்க்தானாம்." குரலைத் தாழ்த்தினாள். "ஊசியில நூல் கோக்கக்கூட எனக்கு வராது. இருந்தாலும் ஒரு நாற்காலி குடேன். மெஷின் முன்னாடி உட்கார்ந்தாவது பார்க்கறேன்."

பொத்தான்காரி நகலை எடுத்து நீட்டினாள்.

"நாலு நாற்காலியும் ஃபேனும் என்னோடதுன்னு வங்கியே முத்திரை குத்தியிருக்குக்கா. வேணும்னா மெஷினைக் கொண்டுவந்து வச்சுட்டு எடுத்துட்டுப் போங்க."

அக்கா முத்திரையைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். படியிறங்கிப் போனாள். எதிர்வீட்டில் மெஷின் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.