பல்லுக்காரரின் இறகுத் தூண்டில்

போர்க்காலத் திருகோணமலையில் அதிர்ச்சிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் வெடிச்சத்தமும் புகையும் இல்லாமல், ஊரை மாதக்கணக்கில் வாய் பிளக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் பல்லுக்காரர்தான். வாய் பிளக்க வைப்பது அவருடைய தொழிலும்கூட. உட்துறைமுக வீதியில் பொய்ப்பல் கட்டும் கடை வைத்திருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டைக்கு வெளியே வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் அப்போது பக்கத்து அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். அவர் கடைக்கு மேலேயிருந்த அறையில் வாடகைக்கு இருந்தேன்.

உண்மையை மறைக்க ஏலாத நாக்கு அவருக்கு. தம்பியின் கலியாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சிரிப்பை மெச்சியிருக்கிறார்கள். இவர் பெருமை தாங்காமல், முன்பல் இரண்டும் தன்னுடைய கைவேலை என்று சபையில் அறிவித்துவிட்டார். தாலி ஏற ஒரு மணி நேரம் பிந்தியது. தம்பி பிறகு தன் மனைவியின் ஊரான உப்புவெளிக்குப் போய், சைக்கிள் திருத்தும் கடை போட்டுக்கொண்டு, ஏழு வருடம் தமையனோடு ஒரு சொல் பேசவில்லை. இவருக்கோ தான் செய்த பிழை என்னவென்றே விளங்கவில்லை. “நல்ல வேலையைத்தானே ஐசே சொன்னனான்” என்று என்னிடம் மாதம் ஒருமுறையாவது கேட்பார். யாரையும் அவர் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அயலாரோடு படம் பார்க்க நான் வீடியோ டெக்கும் கசற்றும் வாடகைக்கு எடுத்து வந்தேன். தமிழ்ப்படம் கேட்டால் கடைக்காரர் மாறி ஒரு ஆங்கிலப் படத்தைத் தந்துவிட்டார். பழைய காலத்து வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று. எதிலும் ஒத்துப்போகாத அண்ணன், தம்பி. இருவரும் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பேசாமல் தூண்டில் வீசுகிறார்கள். சண்டை இல்லை, பாட்டு இல்லை என்று வந்த சனம் ஒவ்வொருவராக எழும்பிப் போனது. கடைசியில் பல்லுக்காரர் மட்டும் இருந்தார். திரும்பிப் பார்த்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

அந்தத் தூண்டிலில் புழு இல்லை, இறால் இல்லை. இறகை நூலால் சுற்றி ஈயைப் போலக் கட்டியிருந்தார்கள். அதைத்தான் மீன் பாய்ந்து கவ்வியது.

“ஐசே, அதுவும் பொய், நான் கட்டுறதும் பொய். ஆனா ரெண்டும் கடிக்குது, பாத்தீரே” என்றார்.

ஆற்றுக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னதில் கசற்றின் நாடா அறுந்தது. கடைக்காரரிடம் நான் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை.

மறுநாளிலிருந்து பல் கடை இறகுக் கடையானது. வீட்டுச் சொந்தக்காரரின் சேவல் வாலில்லாமல் நடந்து போவதைக் கண்டு நான் திகைத்து நின்றேன். பல் செய்யும் மெழுகு தூண்டில் நூலில் ஏறியது. ஒரு வாத்தியார் அச்செடுக்கும் சாந்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு கதிரையில் காத்திருந்தார். இவர் ஒரு முடிச்சு சரிவரவில்லை என்று ஜன்னலோரம் போனவர், அரை மணி நேரம் திரும்பவில்லை. வாத்தியார் பேச வழியில்லாமல் ஒரு துண்டுக் கடதாசியில், ‘நான் மூச்சு விடலாமா?’ என்று எழுதி என்னிடம் நீட்டினார். அந்தச் சாந்தைக் கிளப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பிறகு மூங்கில் தடி வந்தது. வீதியில் வீசிப் பழகினார். முதல் நாளே தபால்காரரின் தொப்பி எகிறிப்போய் மின்கம்பியில் தொங்கியது.

இதற்கிடையில் ஒரு வேலை செய்தார். தான் கட்டிய முதல் இறகு ஈயை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, கடிதம் எதுவும் இல்லாமல், உப்புவெளி பஸ் கொண்டக்டரிடம் தம்பிக்குக் கொடுத்தனுப்பினார். சின்ன வயதில் இருவரும் துறைமுகக் கரையில் ஒன்றாகத் தூண்டில் போட்டவர்களாம். மறுநாள் கொண்டக்டர் பதில் கொண்டுவந்தார்: “இறகைத் தின்ன மீனுக்கு என்ன விசரோ எண்டு கேக்கச் சொன்னவர்.”

பல்லுக்காரர் அதை மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “கதைச்சிட்டான் ஐசே” என்றார்.

அடுத்து அனுப்பிய இரண்டாவது ஈ ஒரு வார்த்தையும் இல்லாமல் திரும்பி வந்தது. ஆனால் தூண்டில் முள்ளான கொளுக்கியின் வளைவை யாரோ குறட்டால் கொஞ்சம் உள்ளே திருப்பியிருந்தார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு அதையே தன் தடியின் நூலில் முடிந்துகொண்டார்.

பகலில் கரையில் நின்று தூண்டில் போட அப்போது அனுமதி இருந்தது. மற்றவர்கள் நூலைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். இவரோ தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக இருபது முழம் நூலைச் சுழற்றினார். இராணுவக் காவலரணில் நின்றவர்களுக்கு அது யாருக்கோ சைகை காட்டுவதாகப் பட்டது. துவக்குகள் இவர் பக்கம் திரும்பின; கரையில் நின்ற மூன்று பேர் மணலில் குப்புற விழுந்தார்கள்; இவர் மட்டும் வீசிக்கொண்டே நின்றாராம். இவருடைய தகரப் பெட்டியைத் திறந்த சிப்பாய் அதைக் கீழே எறிந்துவிட்டான். அதற்குள் ஒரு பாதியில் இறகுப் பூச்சிகள், மறுபாதியில் யாருடையதோ கீழ்வரிசைப் பற்கள்.

அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஓடினேன். குடும்பத்தில் ஒருவர் அடையாள அட்டையோடு வந்து பொறுப்பெடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. அந்த நாட்களில் காலையில் பிடிபட்ட ஆள் மத்தியானம் எங்கே இருப்பார் என்று யாராலும் சொல்ல ஏலாது. நான் உப்புவெளிக்குச் சைக்கிள் மிதித்தேன். அவசரத்தில் இரண்டு முறை பெடல் தவறியது.

தம்பி கடையில் ஒரு சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

“எனக்கு அண்ணை எண்டு ஒருத்தரும் இல்லை” என்றார். சொல்லும்போதே கை சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தது. யாருடையதோ சைக்கிளைச் சில்லுக் கழற்றியபடி விட்டுவிட்டு, என்னை முந்திக்கொண்டு மிதித்தார்.

அதிகாரி தம்பியின் அட்டையைப் பார்த்தார். இது மீன்பிடிதான் என்றால் ஒரு மீனைப் பிடித்துக் காட்டட்டும் என்றார். எங்களில் சிங்களம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், மொழிபெயர்த்தேன். பல்லுக்காரர் தடியை எடுத்துக்கொண்டே, “இதுவரைக்கும் ஒண்டும் பிடிபடேல்லை எண்டதையும் சொல்லிவிடும் ஐசே” என்றார். இப்போதே பிடிக்கிறாராம் என்று நான் அதிகாரிக்குச் சொன்னேன்.

வீசினார். ஒன்றும் இல்லை. மறுபடி வீசினார். சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணை, அங்க இல்லை. கல்லுக்கு இடப்பக்கம்.”

பல்லுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. இடப்பக்கம் வீசினார்.

“இழுக்காதேங்கோ. அதுவா வரட்டும்.”

தண்ணீரில் வெள்ளியாய் ஒன்று புரண்டது. தடி வளைந்தது. ஒரு சாண் நீளப் பாரைக்குட்டி. சிப்பாய்கள் கை தட்டினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பல்லுக்காரர் கையை நனைத்து, மீனைப் பிடித்து, கொளுக்கியை மெல்லக் கழற்றி, பழக்க தோசத்தில் அதன் வாயையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து அதைக் கடலில் விட்டுவிட்டார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

“என்ன வேலை பாத்தனீங்கள்? அதுதானே எங்கட சாட்சி” என்று தம்பி கத்தினார்.

“பாவமடா தம்பி. எங்களை நம்பி வந்தது” என்றார் பல்லுக்காரர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். வேறு என்ன செய்வது, சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அவர் பல்லுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு அட்டைகளையும் என் கையில் தந்து, இந்த ஆளை எந்தப் பக்கத்தாரும் சேர்க்க மாட்டார்கள், கூட்டிக்கொண்டு போ என்றார்.

வழி முழுக்கத் தம்பி ஏசிக்கொண்டு வந்தார். கலியாணம், சபை, இறகு, மீன், ஏழு வருடத்துப் பாக்கி எல்லாம் வந்தது. தமையன் ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். அவ்வளவு ஏச்சு வாங்கிய முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு கரைக்குப் போனேன். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பேச்சில்லை. நானும் தண்ணீரில் இறங்கினேன். பல்லுக்காரர் என்னைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் தடியை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நகர்ந்து நின்றார். எனக்கு மீன் படவில்லை. அதை ஒரு குறையாக அவர்கள் எடுத்ததாகவும் தெரியவில்லை. அனுமதி நேரம் முடிந்து கரையேறியபோது மூவரும் ஈரத்தோடு சும்மா நின்றுகொண்டிருந்தோம். “போட்டு வாறன்” என்று முதலில் சொல்லி விடைபெற மூன்று பேருக்குமே மனம் வரவில்லை.