சக்கர நாற்காலியை ரத்து செய்யவும்

அன்புத் தங்கைக்கு,

ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் ஓய்வெடுத்தே கெட்டுப்போன உன் அண்ணன் எழுதுவது. இங்கு என் வலது முழங்கால் உட்பட அனைவரும் நலம். அங்கு உன்னுடையதும் மச்சானுடையதுமாக நான்கு முழங்கால்களும் சௌக்கியமா?

இன்று காலை பதினான்கு படி ஏறினேன்! இறங்கவும் செய்தேன்! ஆகவே உன் மகள் கல்யாணத்துக்கு எனக்காகச் சொல்லி வைத்திருக்கும் சக்கர நாற்காலியை உடனே வேண்டாமென்று சொல்லிவிடு. என் விரலைப் பிடித்து நடை பழகியவள் அவள். அவள் கல்யாண வாசலில் தாய்மாமன் நான் நின்று வரவேற்காவிட்டால் என் மனசு ஆறவே ஆறாது.

நடந்ததைக் கேள். முழங்கால் லேசாகப் பிசகியபோது டாக்டர், "ரெண்டு நாள் அலட்டிக்காதீங்க" என்றார். நானோ முப்பத்தாறு வருஷம் பிரேக் லைனிங் மாற்றியவன், ஓட்டினால்தானே தேயும், ஓட்டாவிட்டால் புதுசாகவே இருக்குமே என்று இரண்டு நாளை மூன்று மாதமாக்கிப் படுத்துவிட்டேன், காபி கட்டிலுக்கு வந்தது, பேப்பர் கட்டிலுக்கு வந்தது, கடைசியில் ஒருநாள் எழுந்தால் தொடை குச்சியாகிக் கிடக்கிறது, முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது, நான் ஐயோ என்று அலற, உன் அண்ணி, "மூணு மாசம் ஷெட்டுல நிறுத்தின வண்டி ஒரே சாவியில கிளம்புமா? இதுகூடத் தெரியாமதான் ஃபோர்மேனா இருந்தீங்களா?" என்று மானத்தை வாங்கினாள்.

பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்தாள். "ஐயா, முட்டியில இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. நடக்கும்போது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி விரியும், அப்பதான் அதுக்குச் சாப்பாடே. நீங்க பட்டினி போட்டு மெலிய வச்சிட்டீங்க" என்றாள். அடடா, என்ன விஷயம் பார்! ஐந்து வாரம் மடக்கு, நீட்டு, நில், நட என்று பாடாய்ப்படுத்தினாள். இப்போது யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பி விடுகிறேன். எதிர்க்கடைத் தையல்காரர் என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்.

கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசிகள். மச்சானுக்கு என் அன்பு. கூடவே தினமும் அரைமணி நேர நடையும்.

நிமிர்ந்து நிற்கும்,
அண்ணன்

பி.கு.: கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த முழங்காலை அதற்குள் ஓட்டித் தேய்ப்பானேன் என்று இன்று மத்தியானம் முதல் மறுபடி படுத்துவிட்டேன். அன்றைக்குப் புத்தம்புதிதாக இறக்கிக்கொள்ளலாம். நாற்காலி இருந்துவிட்டுப் போகட்டும். என் பையை வைத்துக்கொள்ள உதவும்.