அல்பகல் அங்காடியின் முதலாளிகள்

ஓதக்கரை நாட்டில் எந்தத் தெருமுனைக்குப் போனாலும், அல்லும் பகலும் திறந்திருக்கும் ஓர் அல்பகல் அங்காடி இருந்தது. உப்பு, தீப்பெட்டி, காய்ச்சல் மருந்து, சூடான தேநீர் எதுவும் எந்த நேரமும் கிடைக்கும். கதவுகளுக்குப் பூட்டே கிடையாது. மூடினால்தானே பூட்டு வேண்டும்? படகுத்துறைக் கடையைப் பூரணி என்பவள் நடத்திவந்தாள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் அவள் கையால் தேநீர் குடித்துவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவார்கள்.

ஒருநாள் அரசர் எல்லா அங்காடிகளையும் ஒரு முத்து வணிகருக்கு விற்றார். இனி சேவை மேம்படும் என்றார் வணிக அமைச்சர் மாட்சிமைநாதர். முத்து வணிகர் ஆதாயம் குறைவென்று உப்பையும் தீப்பெட்டியையும் எடுத்துவிட்டு அத்தர் வைத்தார். அத்தர் விற்கவில்லை, அங்காடிகளை விற்றார். வாங்கிய கண்ணாடி வியாபாரி, ஆட்களைப் பாதியாக்கிப் பெயர்ப்பலகையை இரட்டிப்பாக்கினார். அவரிடமிருந்து வாங்கியது கடலுக்கு அப்பாலிருந்த ஒரு வட்டிக்காரர் சங்கம். அவர்கள் கடைகளைப் பார்த்ததே இல்லை. இருட்டினால் பூட்ட வேண்டும், வெயில் ஏறிய பிறகே திறக்க வேண்டும் என்று உத்தரவு மட்டும் வந்தது.

பூரணி அமைச்சரிடம் போனாள்.

"ஐயா, பேரு அல்பகல்னு இருக்கு. ராத்திரி பூட்டினா எப்படிங்க?"

"அது பெயர், அம்மா. வாக்குறுதி அல்ல. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்த நாடே முன்னேறும்."

ஒரு விடியற்காலையில் படகோட்டி காத்தானின் மனைவி செம்பி, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பூரணியையும் எழுப்பிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மருந்துப் புட்டி தெரிந்தது. சாவி சங்கத்தின் ஏஜென்டிடம் இருந்தது. பூரணி ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள்.

பிள்ளை பிழைத்தது. பூரணியின் வேலை போனது. 'அனுமதியின்றித் திறந்திருத்தல்' என்றொரு புதிய குற்றமும் சட்டத்தில் ஏறியது.

"எங்களால உனக்கு இந்தக் கதி வந்துடுச்சே" என்று செம்பி அழுதாள்.

"கதி கிடக்கட்டும். உங்க வீட்டுல பழைய பாய்மரத் துணி இருக்கா?"

துறையோரம் துணியைக் கட்டினார்கள். ஒருவர் உப்பு கொண்டுவந்தார், ஒருவர் விறகு, வைத்தியர் மருந்து. முறைபோட்டு ஆட்கள் நின்றார்கள். காவலர்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். பூரணி மறுபடி கட்டினாள். மறுபடி பிரித்தார்கள், கிழிந்த இடத்தைத் தைத்துக் கட்டினாள். கடைசியில் காவலர்களே, பிரிப்பதற்கு முன் ஒரு தேநீர் கேட்டார்கள். குடித்த பிறகு பிரிக்க மறந்துபோனார்கள்.

மற்றத் தெருமுனைகளிலும் இப்படியே கூடாரங்கள் எழுந்தன. அங்காடிகளுக்கு யாரும் போகவில்லை. சங்கம் அவற்றை இழுத்து மூடியது. பெயருக்கு இன்னும் விலை இருக்கிறதென்று பலகைகளை மட்டும் கழற்றவில்லை.

அரண்மனைச் சமையலறையிலும் உப்பு தீர்ந்தது. மாட்சிமைநாதர் நேரில் வந்தார்.

"வரிசையில நில்லுங்கய்யா" என்றாள் பூரணி. நின்றார். முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரசு இக்கடையை வாங்கி, தகுதியுள்ள ஒருவருக்கு விற்க எண்ணுகிறது. இதன் முதலாளி யார்?"

"நாங்கதான்" என்றாள் செம்பி. வரிசையே அதைச் சொன்னது. காவலர்களும் சொன்னார்கள்.

"எல்லோரும் முதலாளி என்றால் யாரிடமிருந்து வாங்குவது?"

"வாங்க முடியாதுங்க" என்றாள் பூரணி.

பின்னாலிருந்து காத்தான் கேட்டான்:

"அப்ப, இந்த நாட்டுக்கு முதலாளி யாருங்கய்யா?"

மாட்சிமைநாதர் உப்பை வாங்காமலே திரும்பிப் போனார்.