பேய்த் தூணுக்கு மெத்தை

புதுச்சத்திரம் ஊரே கண்ணுசாமி வீட்டு வாசலில் திரண்டு நின்றது. கோழிப்பண்ணை வேலைக்கு மட்டம் போட்டவர்கள், டிபன் கடையை இழுத்துச் சாத்தியவர்கள், கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்! தேங்காய்ச் சித்தர் வருகிறாராம்.

யார் அவர்? சேந்தமங்கலம் பக்கம் போர்வெல் போடத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தவர். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றால் கீழே தண்ணீர். வெறும் புகையாகக் கக்கிய போர்கள் பெருகியதும் தொழிலை மாற்றிக்கொண்டார். இப்போது தேங்காய் எழுந்தால் பேய். இதில் ஒரு வசதி, பேய் வரவில்லையே என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்!

கண்ணுசாமி லாரி ஓட்டி, லாரி வாங்கி, ஓய்ந்தவர். முன்னோர் கட்டிய, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டை மகள் சுகன்யா பழைய அழகு கெடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு புதுக்கட்டு. அந்த நேரம் பார்த்துக் கண்ணுசாமி படியில் வழுக்கி விழுந்தார். போதாதா? போன அமாவாசைக்கு வந்த சித்தர், முற்றத்துத் தேக்குத் தூண்கள் நான்கின் முன்னும் தேங்காயை எழுப்பிக் காட்டினார்.

“இந்தத் தூணு அறுத்த மரத்துல ஒரு கன்னிப்பொண்ணு தூக்குல தொங்கியிருக்கறா. புதுக்கட்டு எழும்புனா ஊட்டுல ஒரு உசுரு போகும். தூணைக் கழட்டிக் குடுங்க. கொல்லிமலை அடிவாரத்துல எரிச்சுப்போடறேன்.”

“தூணு போனா ஊடே போச்சுங்கப்பா!” என்று மன்றாடினாள் சுகன்யா.

“ஏஞ் சாமி, உசுரு பெருசா, தூணு பெருசா?” கண்ணுசாமி தூணைத் தடவிக்கொண்டே கேட்டார். அந்தத் தூண்களைப் பிடித்துத்தான் அவர் நடை பழகினார். ஆனாலும் பயம் ஜெயித்தது.

இன்று தூண் எடுக்கும் நாள். சித்தரின் கார் வந்தது. பின்னாலேயே ஒரு லாரி. அவரை முதலில் புதுக்கட்டில் உட்காரவைத்தாள் சுகன்யா. வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு தூணில் சாய்ந்து மோர் குடித்தார்.

“இங்க ஏதாச்சும் தோஷம் இருக்குதுங்களா?”

தேங்காய் அசையவே இல்லை. “சுத்தமான எடம், அம்மிணி.”

முற்றத்துக்கு வந்தார்கள். முதல் தூணருகே தேங்காய் எழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான்காவது தூணருகே தேங்காய் துள்ளியே விட்டது!

“இதுலதான் குடியிருக்கறா! அவிழ்ந்த முடி தெரியுது!”

“எத்தனை வருசமாங்க?” என்றாள் சுகன்யா.

“நூறு வருசத்துக்கு மேல.”

சுகன்யா சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். ணங்! சில்லு தெறித்தது. உள்ளே சாம்பல் நிறம்.

“நாலுமே சிமெண்டுங்க. இந்த மாசம்தான் வார்த்தோம். மேல தேக்கு மாதிரி பெயிண்டு. நெசத் தூணு நாலும் புதுக்கட்டுல இருக்குது. நீங்க சாஞ்சு மோர் குடிச்சீங்களே, அது அதுல ஒண்ணுங்க!”

புதுக்கட்டுக்குப் போய் வெள்ளைப் பெயிண்ட்டைச் சுரண்டிக் காட்டினாள். தேக்கு பளபளத்தது. பாலிஷ் வேலை என்று மகள் முற்றத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது ஏன் என்று கண்ணுசாமிக்கு இப்போதுதான் புரிந்தது.

“ஆவி… எடம் மாறும்…” என்று இழுத்தார் சித்தர்.

“வெள்ளையடிச்சதும் அவளுக்கே அடையாளம் தெரியலையாட்டிருக்குது, பாவம்!” என்றார் பக்கத்து வீட்டுச் சடையன்.

கண்ணுசாமி விறுவிறுவென்று லாரியில் ஏறிப் பார்த்தார். உள்ளே வரிசையாகப் பஞ்சு மெத்தைகள். ஆயுசெல்லாம் லோடு ஏற்றியவர், விறகுக்கு யாரும் மெத்தை விரித்துப் பார்த்ததில்லை.

“எரிக்கப்போற மரத்துக்கு மெத்தை எதுக்குங்க?”

“கீறல் உழுந்தா ரிசார்ட்காரரு எடுக்கமாட்டாருங்க” என்று உளறிவிட்டான் டிரைவர்.

“அப்ப எங்கூட்டு நெலைக்கதவு?” கூட்டத்திலிருந்து பாய்ந்தார் பச்சமுத்து. போன வருஷம் தோஷம் என்று அதைக் கழற்றிக் கொடுத்தவர். சித்தர் காருக்கு ஓடினார். சட்டைக் காலர் பச்சமுத்துவின் கையில் சிக்கியது.

போலீஸ் வந்து அழைத்துப்போன பிறகும் கூட்டம் கலையவில்லை. ஓர் அம்மாள் தடாலென்று சுகன்யாவின் காலில் விழுந்தாள்.

“இனி நீதாந் தாயி எங்களுக்குச் சாமி! எங்கூட்டுக்கும் ஒருக்கா வந்து குறி சொல்லோணும்!”

சுகன்யா துள்ளிப் பின்வாங்கினாள்.

“எந்திரிங்கம்மா! நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், தட்டிப் பாத்தேன். சுத்தியல் எல்லா ஊட்டுலயும் இருக்குது. தூணைத் தட்டறதுக்கு முன்னால, அவங்கவங்க மண்டையை ஒருக்கா தட்டிப் பாத்துக்குங்க. உள்ள ஆள் இருக்குதான்னு தெரியட்டும்!”