கிரீஸ் பாயின் பந்து மெஷின்

ஆம்பூரில் கிரீஸ் பாயைப் போலக் கை கழுவிய மனிதர் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. தோல் பதனிடும் எங்கள் டேனரியில் அவர் ஃபிட்டர், நான் ஸ்டோர் கீப்பர். பகலெல்லாம் முழங்கை வரை கிரீஸோடு திரிவார். பாங்கு சொல்லிவிட்டால் போதும், மண்ணெண்ணெய் போட்டு ஒரு கழுவல், சோப்பு போட்டு ஒரு கழுவல். அதற்குப் பிறகுதான் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவும் ஒளுவே ஆரம்பமாகும். நாங்கள் ஒளு முடித்து முகம் துடைக்கும்போது அவர் வலது கட்டைவிரல் நகத்துக்குத்தான் வந்திருப்பார். நான் கேலி செய்யவில்லை. அந்தப் பேணுதலை அல்லாஹ் எனக்கும் தரவேண்டும்.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒட்டிக்கொண்டது ஜிம்மி. தொண்ணூறுகளின் கடைசியில் ராத்திரி காவலுக்கென்று வந்த நாய். பகலில் அதற்கு வேலையில்லை. கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துவிடும். அவிழ்த்துவிட்டால் களத்தில் காயும் தோலைப் பிடித்து இழுக்கும். பந்து போட்டு ஓடவிட்டால்தான் அடங்கும். அந்தப் பந்தையும் கிரீஸ் பாய் கையில்தான் கொண்டுவந்து கொடுக்கும், எச்சில் வழிய வழிய.

நாயின் எச்சில் பட்டால் கழுவவேண்டும் என்பது எங்கள் மார்க்கம். ஒரு வீச்சுக்கு ஒரு கழுவல் என்று பாய் ஓய்ந்துபோனார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போய் முறையிட்டார்.

"பட்ட எடத்தக் கழுவுனா போதும் பாய். ஒளு முறியாது."

"மனசு கேக்கல ஹஜ்ரத்."

"அப்போ மனசையும் சேத்துக் கழுவுங்க, போங்க."

இதற்கிடையில் ஜிம்மி நல்ல தோல் ஒன்றைக் கிழித்துவிட்டது. முதலாளி கொதித்துப்போனார். "இன்னொரு தோலு கிழிஞ்சுது, பேரணாம்பட்டு தாண்டி ஆந்திரா பார்டர்ல உட்டுட்டு வந்துடுவேன். தெலுங்குல குரைச்சுக்கட்டும்!"

பாய் சில நாள் பழைய இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மெஷினோடு வந்து நின்றார். பழைய பம்ப் மோட்டார், பக்கத்துப் பக்கத்தில் சுழலும் இரண்டு மொபெட் சக்கரம், மேலே தகரப் புனல். நாய் பந்தைப் புனலில் போட்டால் சக்கரங்கள் அதைக் கவ்வித் தூக்கி வீசும்.

"கையே பட வேணாம், பாத்தியா தம்பி?"

தோல் துண்டில் தைத்த முதல் பந்து, தோலைப் பதப்படுத்த வாய் திறந்து நின்ற குரோம் டிரம்முக்குள் போய் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஆட்டுத்தோல்களோடு சேர்ந்து குரோம் ஏறி நீலமாக வெளியே வந்தது.

"இன்னா பாய், பந்தையும் பதம் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணப் போறியா?" என்றார் மேஸ்திரி.

சிரித்த மேஸ்திரிக்கும் வந்தது பேஜார். புனலில் எதைப் போட்டாலும் பறக்கும் என்று ஜிம்மி கண்டுபிடித்துவிட்டது. என் டிபன் பாக்ஸ் மூடி பறந்தது. மேஸ்திரியின் ஒற்றைச் செருப்பு பறந்தது. மிச்சமிருந்த செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வேலை பார்த்தார். ஆனால் தோல் தப்பியது. எங்களுக்கு அது போதும்.

ஒருநாள் களம் நிறையத் தோல் காய்ந்தது. பாய் சாயங்கால அஸர் தொழுகைக்கு ஒளு முடித்து, சலவை செய்த வெள்ளை ஜிப்பாவில் வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

ஜிம்மி பந்தைப் புனலில் போட்டது. அது பொத்தென்று கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் போட்டது. மறுபடியும் பொத். பிறகு மெல்லத் தலையைத் திருப்பித் தோல்களைப் பார்த்தது. கேட்டில் முதலாளியின் கார் ஹாரன் அடித்தது.

"பாய், இப்போ இன்னா பண்றது?" என்றேன்.

பாய் தன் கைகளைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, சொதசொதவென்றிருந்த பந்தை வெறுங்கையால் எடுத்து வீசினார். ஜிம்மி பாய்ந்து ஓடியது. கொண்டுவந்து கொடுத்தது. மறுபடி வீசினார்.

முதலாளி களத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு தோலாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் பல் படவில்லை. நாயைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "சரி, இங்கியே இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லி ஆபீசுக்குள் போய்விட்டார்.

கரண்ட் வந்தது. மெஷின் உறுமியது.

"வந்துடுச்சு பாய், இனிமே மெஷின் பாத்துக்கும். கை கழுவ வாங்க" என்றேன்.

"இரு தம்பி, இரு. ஜிம்மி நல்லா ஓடுது பாரு" என்றவர், முழங்கையால் இடித்துச் சுவிட்சை அணைத்துவிட்டார்.

ஜமாஅத் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. நான் கிட்டே போய், அவருடைய ஜிப்பாவின் கையை அழுக்குப் படாமல் மேலே மடித்துவிட்டேன்.