ஒத்திகை அண்ணை ஏரிக்கரைக்குப் போன கதை

கனடாவின் மொன்றியலில் வாழ்ந்த தமிழர்களில் எதையுமே முதல் தடவையாகச் செய்யாத ஒரே மனிதர் ஒத்திகை அண்ணைதான். எதைச் செய்வதானாலும் அதற்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்திருப்பார். பல் பிடுங்கப் போவதற்கு முதல்நாள் வீட்டுக் கதிரையில் வாயைத் திறந்தபடி அரை மணித்தியாலம் மல்லாந்து கிடந்தார். குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்குக் கை தூக்கிப் பழகியதில் தோள்மூட்டு பிடித்து, உண்மையான நாளன்று கை பாதிதான் எழும்பியது. சென்ட் லோரன்டில் எங்கள் கட்டடத்தில் தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

நான் அண்ணை வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தேன். இப்போது அண்ணையும் மனைவியும் மகளோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டுக்குப் போய்விட்டார்கள். கீழே புதிதாக வந்திருப்பவர்கள் நல்ல சனம்தான், ஆனால் எதற்கும் ஒத்திகை பார்க்கிற சத்தமே கேட்பதில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணையின் மனைவி யோகம் அக்கா டவுன்டவுனில் ஓர் உணவகத்துக் குசினியில் தலை நரைக்கும்வரை சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். விடுமுறைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டில்தான் இறங்குவார்கள். பெட்டியை வைத்த கையோடு அக்கா அந்த வீட்டுக் குசினிக்குள் நிற்பார். பாரிஸ் போய் வந்தவரிடம் ஈபிள் கோபுரம் எப்படி என்று கேட்டேன்.

"மச்சாளின்ரை குசினி யன்னலாலை நுனி தெரிஞ்சுது, தம்பி. நல்ல வடிவு" என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணையைச் சுட்டது. அன்று மாலையே உலக வரைபடத்தோடு என் வீட்டுக்கு ஏறி வந்தார்.

"ஒரு கிழமை, தம்பி. இவ ஒரு சட்டியையும் தொடக்கூடாது. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாரும்."

யாழ்ப்பாணத்தார் ஒருவரிடம் கேட்கக்கூடிய வேலையா இது? நோர்வேயில் சித்தப்பாவின் மகன். அவுஸ்திரேலியாவில் சம்பந்தி பகுதி. சுவிஸில் விரல் வைக்கவே இடமில்லை. கடைசியில் ஸ்கொட்லாந்தின் வடக்கே, வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஓர் ஏரியில் விரல் நின்றது. கரையில் கூடாரம் அடிக்க இடமும் பக்கத்தில் ஒரு சின்னக் கடையும் இருந்தன. இரண்டையும் நடத்திய அம்மாவிடம் அண்ணை ஃபோனில் அந்த ஊர் விபரம் கேட்கத் தொடங்கினார். அடுத்த வைகாசிவரை சனிக்கிழமை தவறாமல் கேட்டார்.

அந்த அம்மா சொல்வதை அண்ணை எங்களுக்கு மொழிபெயர்ப்பார். "மழை பெய்யாத மாசம் எது எண்டு கேட்டனான். தனக்குத் தெரியாதாம். தான் பிறந்ததிலையிருந்துதான் அங்கை இருக்கிறாவாம்."

கோடையில் அங்கே கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சி வரும், அதற்கு முன் வைகாசியில் வந்துவிடு, காற்றுப் படுகிற மேட்டில் கூடாரத்தை அடி என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். அண்ணை தன் பங்குக்கு வேப்பெண்ணெயையும் சேர்த்தார். உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு பூங்காவில் நின்று நுளம்பு கடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியே மெட்ரோவில் திரும்பினார். நெரிசலான நேரத்தில் அவருக்கு உடனே இருக்க இடம் கிடைத்தது. அடுத்த தரிப்பில் முழுப் பெட்டியும் கிடைத்தது.

அங்கே வண்டியை இடப்பக்கம் ஓட்டவேண்டும் என்பதால், ஞாயிறு காலை ஒரு கடைத்தொகுதியின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் என்னைப் பக்கத்தில் இருத்தி ஓட்டிப் பழகினார். பழகிய உற்சாகத்தில் இடப்பக்கமாகவே தெருவுக்கு ஏறிவிட்டார். பொலிஸ்காரர் பிரெஞ்சில் 'பொஞ்சூர்' என்று வணக்கம் சொல்லி, ஏன் இப்படி என்று கேட்டார். "நாங்கள் இப்ப ஸ்கொட்லாந்திலை நிக்கிறம்" என்று அண்ணை ஆங்கிலத்தில் விளக்கினார். பொலிஸ்காரர் ஊதச் சொல்லிப் பார்த்தார். அண்ணை குடிக்கவில்லை என்று தெரிந்தபிறகுதான் அவர் உண்மையில் பயந்தார். அங்கே கார் ஓட்ட நானும் கூட வருவதென்று அக்கா அன்றே முடிவு செய்தார்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. அங்கே வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அண்ணை கேட்டதற்கு, கதிரையைப் போட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள் என்றார் கடைக்கார அம்மா. அடுத்த ஞாயிறு ஆற்றங்கரைப் பூங்காவில் அக்காவை மடக்குக் கதிரையில் இருத்தினார் அண்ணை.

"இஞ்சரும், ஒண்டும் செய்யாமல் தண்ணியைப் பாரும்."

"பாத்திட்டன்."

"இன்னும் பாரும்."

"அதே தண்ணிதானேப்பா."

சொல்லிவிட்டு அக்கா எழுந்துபோய் பக்கத்து இருக்கை வாங்கைத் துடைத்தார். யாரோ ஒரு பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டார். அண்ணை மறுபடி இருத்தியபோது, கைப்பைக்குள் இருந்து பயத்தங்காயை எடுத்து மெல்ல முறிக்கத் தொடங்கினார். இலை உதிரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் முயன்று பார்த்தோம். ஒருநாளும் சரிவரவில்லை.

"இவவுக்குச் சும்மா இருக்கிறது மறந்துபோச்சு, தம்பி. நான் பிந்திப்போனன் போலை" என்றார் அண்ணை, காரில் திரும்பும்போது. நான் அவரைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பயணம் பரம ரகசியம். முக்கியமாக லண்டனில் இருக்கிற சொந்தங்களுக்கு மூச்சு விடக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். பிறகு, பூச்சிவலைத் தொப்பி லண்டனில் மலிவென்று அக்காவின் தம்பிக்குத் தானே ஃபோன் எடுத்தார். "ஒரு சிநேகிதனுக்கு" என்று மூன்று தொப்பி கேட்டார். அனுப்பவேண்டிய ஏரிக்கரைக் கடையின் விலாசத்தையும், எந்தத் திகதிக்கு முன் வந்து சேரவேண்டும் என்பதையும் கவனமாக இரண்டு தடவை சொன்னார்.

நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை, அண்ணை கதிரையை ஏரியைப் பார்க்கத் திருப்பி அக்காவை இருத்தியபோது, இரண்டு வான்கள் வந்து நின்றன. தொப்பிகள் தபாலில் வரவில்லை. லண்டன் சொந்தச் சனத்தோடு வந்தன. கூடவே காஸ் அடுப்பு, பெரிய சமையல் கிடாரம், ஒரு மூட்டை வெங்காயம்.

"இந்தக் குளிருக்குள்ளை தனிய என்னத்தைச் சாப்பிடுவியள் எண்டுதான் வந்தனாங்கள், அத்தான்" என்றார் அக்காவின் தம்பி. அன்பாகத்தான் சொன்னார்.

தம்பியின் மனைவி கத்தியோடு வந்தார். "மச்சாள், இந்த வெங்காயத்தை ஒருக்கா வெட்டித் தாங்கோவன். உங்கடை கை பட்டால்தான் கறி கறியா இருக்கும்."

அக்கா கதிரைப் பிடியில் கையை ஊன்றினார். ஒரு வருடத்துத் திட்டமும் அந்த ஒரு நொடியில் தண்ணீருக்குள் போவதை நான் பார்த்தேன். அண்ணை குறுக்கே போய் நின்றார்.

"அவ எழும்பமாட்டா. அவ லீவிலை நிக்கிறா. கத்தியை இஞ்சை தாரும்."

வெங்காயத்தை உருளைக்கிழங்குபோல வெட்டினார். சுற்றிவர நின்ற சனம் கேலி பண்ணியது. கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக வெட்டினார். அக்கா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். "இஞ்சை பாராதையும்" என்றார் அண்ணை. மூன்றாம் தரம் அவர் திரும்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். மடியில் கைகள் சும்மா கிடக்க, வாய் லேசாகத் திறந்தபடி அக்கா தூங்கிப்போயிருந்தார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. சனம் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வானுக்குள் ஓடியது. அண்ணை ஒரு குடையை விரித்து அக்காவுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எழுப்பிக் கூட்டிவரச் சொல்லி வானுக்குள் இருந்து கூப்பிட்டார்கள். அவர் உதட்டில் விரலை வைத்தார். குடை முழுவதும் அக்காவின் பக்கமே சாய்ந்திருந்தது. அவருடைய காதோரத்தால் தண்ணீர் வழிந்தது.

நான் இன்னொரு குடையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய தலைக்கு மேல் பிடித்தேன். "மெல்லமா வாரும், தம்பி" என்று மட்டும் சொன்னார். என் முதுகு தெப்பமாக நனைந்தது. அந்த மனிதருக்காக இன்னும் எவ்வளவு நேரமும் நான் அப்படி நின்றிருப்பேன்.