டாக்டருக்குக் கூட்டிச் சொன்ன இருபத்து நாலு கஜம்

மதிப்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த எங்கள் மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. எழுதுவது என்றால் சொல்லுவது. எனக்கும் எழுத்துக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை எழுதுகிறாள். ஆகையால் இதில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் அது என் வாய், எழுத்துப் பிழை இருந்தால் அது அவள் கை. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்களும் மகளும் நலம் என்று போன வாரம்தான் போனில் கேட்டேன் என்பதால் மறுபடி விசாரித்து உங்கள் நேரத்தைத் தின்ன மாட்டேன்.

அன்றைக்கு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வருகிற மாதம் உங்கள் மேனேஜரோடு கோல்ஃப் ஆடப் போகிறீர்கள், கொடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி வாங்க வேண்டும், கண்ணில் வைத்துப் பார்க்கிற துப்பாக்கி மாதிரியானதா, கையில் கட்டுகிற கடிகாரமா, இடுப்பில் மாட்டுகிற டப்பாவா, நாற்பத்தோரு வருஷம் மைதானத்தில் பை தூக்கின மாமாவுக்குத் தெரியாததா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். மூன்றும் வேண்டாம். இதோடு கடிதத்தை முடிக்கத்தான் சொன்னேன். "மாப்பிள்ளை கேட்டதுக்கு ஒத்தை வார்த்தையில பதில் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்கிறாள் உங்கள் அத்தை. அவள் எதையும் ஒற்றை வார்த்தையில் முடித்து நான் பார்த்ததில்லை. அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் டாக்டர் ஐயாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கு வந்து, உங்களைத் தனியாகக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னாரே, அவர்தான். அவர் முதன்முதலில் மைதானத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மேகமூட்டம், இடது பக்கத்திலிருந்து காற்று, டாக்டர் காலில் புதுச் சப்பாத்து, வலது குதிகாலில் கடித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது குழியில் குளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். எங்கள் மைதானத்தில் தூரக் கல் கிடையாது, இருந்ததையெல்லாம் புல் வெட்டுகிற வண்டி எப்போதோ பெயர்த்துப் போட்டுவிட்டது. தூரம் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் எனக்கு அங்கே அளவுகோல் என்று பெயர். "நூத்தி இருபத்தாறு கஜம்ங்கய்யா" என்றேன். சத்தியமான நூற்று இருபத்தாறு. உடனே அவர் ஒன்பதாம் நம்பர் மட்டையை உருவினார். நம்பர் ஏற ஏற மட்டை பந்தை அனுப்பும் தூரம் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்பதாம் நம்பரால் அவ்வளவு தூரம் அடிக்க வேறு ஆள் வேண்டும், டாக்டருக்கு அந்தத் தெம்பு இல்லை. மூன்று பந்தும் குளத்தில். மணலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "எனக்கு இது வராது, வித்துடறேன்" என்றார். ஒரு டாக்டர் அப்படி முகத்தைத் தொங்கப் போட்டால் நோயாளிகள் கதி என்ன ஆகும்?

அடுத்த வாரம் அதே இடம், அதே கேள்வி. இந்தத் தடவை நான் மனமறிந்து, "நூத்தி அம்பதுங்கய்யா" என்றேன். ஏழாம் நம்பரை எடுத்தார். பந்து குளத்தைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் போய்ச் சாதுவாக உட்கார்ந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், பரீட்சையில் பாஸான பிள்ளை தோற்றான். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக எந்த இடத்தில் கேட்டாலும் இருப்பதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். கிட்டத்தில் குறைவாக, எட்டத்தில் அதிகமாக, மேடு வந்தால் இன்னும் இரண்டு. ஒரு நாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. இது பொய் இல்லை மாப்பிள்ளை, ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது. வாய்தா வக்கீல் என்று ஒருவர் ஆடுகிறார், எதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார், அவருக்குப் பத்து கூட்டுவேன். பள்ளிக்கூடத் தலைமையம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன், அந்த அம்மாவிடம் கூட்டிச் சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? டாக்டர் மட்டும், "என் ஏழாம் நம்பர் நூத்தி அம்பது போகும்" என்று டீ குடிக்கிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் வாய்தா வக்கீல் மண்ணைப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தள்ளிப்போடாமல் ஒரு காரியம் செய்தார், அந்தத் துப்பாக்கியை வாங்கி வந்து டாக்டர் முன்னால் நீட்டினார். உடனே டாக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. "அளவுகோல், நாளைக்குக் கடைக்குப் போறோம், நீதான் தேர்ந்தெடுத்துக் குடுக்கணும்" என்றார். ஆட்டையே கூப்பிட்டுக் கத்தியைப் பொறுக்கி எடுக்கச் சொன்ன கதைதான். இருந்தாலும் போனேன். போனால்தானே கெடுக்க முடியும்?

கடையில் ஒரு பெண் மூன்றையும் எடுத்து வைத்தாள். நான் முதலில் கடிகாரத்தைப் புகழ்ந்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, டாக்டரால் படிக்க முடியாது. "இதுதாங்கய்யா உங்க கைக்கு லட்சணமா இருக்கு" என்றேன். அந்தப் பெண் எங்கேயோ தொட்டாள், எழுத்து வண்டு அளவுக்குப் பெரிதாகிவிட்டது. "ஆனா பட்டை கறுப்பா இருக்கே, அழுக்குப் பிடிக்குமே" என்று கட்சி மாறினேன். டப்பா வாய் திறந்து பேசுகிற ரகம், தூரத்தைப் பெண் குரலில் சொல்லியது. "வீட்டுல ஒரு குரல் போதும், மைதானத்துக்கும் ஒண்ணு எதுக்கு?" என்று டாக்டரே தள்ளிவிட்டார். மிச்சம் துப்பாக்கி. வாசலுக்குக் கொண்டுபோய், எதிர் வரிசையில் இருந்த பாங்குப் பலகையைக் குறிவைத்து, "எவ்வளவு இருக்கும்னு சொல்லுங்க தாத்தா, பார்ப்போம்" என்றாள் அந்தப் பெண்.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை, என் நாக்கு எனக்கு எதிரியாகப் போனது. தெரியலம்மா, கண்ணு மங்கிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாத்தா என்றாளே, அது சுருக்கென்று தைத்துவிட்டது. "எண்பத்திரண்டு" என்றேன். துப்பாக்கியும் எண்பத்திரண்டு என்றது. விளக்குக் கம்பம் நாற்பத்தொன்று, அதுவும் சரி. மூலையில் இருந்த சிக்னலை நூற்றுப் பதினேழு என்றேன், அவள் நூற்றுப் பதினாறு என்றாள். "நீ முன்னால ஒரு அடி எடுத்து வச்சிட்டம்மா, பின்னால வா" என்றேன். வந்தாள். நூற்றுப் பதினேழு. கடை முதலாளி எழுந்து வந்து கை தட்டினார். டாக்டர் என் தோளில் கை போட்டு, "இவன் சொன்னா ஒரு கஜம் பிசகாது!" என்று தெருவுக்கே சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். டாக்டர் துப்பாக்கியையே வாங்கிவிட்டார். காரில் பாதி வழி வந்த பிறகுதான் ஒன்பதாவது குழி ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் ஒன்பதாவது குழி. டாக்டருக்கு என் மேல் இருந்த பாசத்தைப் பாருங்கள், துப்பாக்கியை உடனே எடுக்கவில்லை. "முதல்ல நீ சொல்லு, அப்புறம் இதுக்குப் பரீட்சை வைப்போம்" என்றார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. "நூத்தி அம்பதுங்கய்யா." அவர் கண்ணில் வைத்துப் பார்த்தார். துப்பாக்கியை உதறினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "புதுசுலயே கோளாறா குடுத்துட்டான்" என்றார். அதற்குள் வக்கீல் தன்னுடையதை எடுத்து, "நூத்தி இருபத்தாறு டாக்டர்" என்றார். நான் பையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துண்டையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

"நேத்து கம்பத்துக்கும் சிக்னலுக்கும் கஜம் தவறாமச் சொன்னியே" என்றார் டாக்டர், மெதுவாக. ஒன்பதாம் நம்பரை உருவி, துப்பாக்கி சொன்ன தூரத்துக்கு அடித்தார். குளம். வக்கீல் சும்மா இருந்திருக்கலாம், கோர்ட்டிலேயே சும்மா இருக்கிறவர்தானே. "உங்க நூத்தி அம்பது எங்க டாக்டர் போச்சு?" என்று சிரித்துவிட்டார். "பையை இறக்கி வை" என்றார் டாக்டர் என்னிடம். இறக்கி வைத்தேன். தானே தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து கார் வரைக்கும் நடந்து போனார். இருநூற்று முப்பத்திரண்டு கஜம் அது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இது நடந்து பதினோரு நாள் ஆகிறது. அவர் மைதானத்துக்கே வரவில்லை. மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள், எனக்கு வேறு பையைத் தொடக் கை வரவில்லை. அஞ்சாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினேழாவது டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். உள்ளே போனதும் தலை நிமிராமல், "என்ன தொந்தரவு?" என்றார். "தொந்தரவு ஒண்ணும் இல்லைங்கய்யா." "அப்போ அடுத்த ஆளை வரச் சொல்லு." வந்துவிட்டேன். இனி அவர் ஆட மாட்டாரோ, ஆடினாலும் நான் பக்கத்தில் இருக்க மாட்டேனோ என்பதுதான் இப்போது எனக்குள்ள ஒரே கவலை. "அழுகை வருதுன்னு எழுதவா?" என்று கேட்கிறாள் உங்கள் அத்தை. எழுதாதே என்றேன். எழுதியிருக்கிறாளா இல்லையா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே மாப்பிள்ளை, கருவி வேண்டாம். அதற்குக் கொடி இருக்கிற தூரம் தெரியும், அதைக் கையில் வைத்திருக்கிற ஆளைத் தெரியாது. அந்த ஊர் மைதானத்தில் நரைத்த தலையாக ஒருவரைப் பார்த்துப் பையைக் கொடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், உங்கள் அத்தை பேனாவை வைத்துவிட்டு முறைக்கிறாள். போன தடவை நீங்கள் வந்தபோது பயிற்சி போடுகிற இடத்தில் உங்கள் ஏழாம் நம்பர் நூற்று நாற்பது போகிறது என்று சொன்னேன் அல்லவா? அதில் முப்பது கஜம் மாப்பிள்ளை மரியாதை.

உங்கள் இருவருக்கும் நோய்நொடி இல்லாத உடம்பும், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுகிற குடும்பமும், உங்கள் பந்துக்குத் தண்ணீர் இல்லாத மைதானமும் வாய்க்க வேண்டும் என்று மனமார வாழ்த்தி முடிக்கும் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கிற நேரத்தில் வாசலில் கார் நின்றது. டாக்டர் ஐயா. உள்ளே வந்து தண்ணீர் கேட்டவர், உங்கள் அத்தை கையில் இருந்ததைப் பார்த்து, "என்னம்மா எழுதறீங்க?" என்று வாங்கி, ஆதியோடந்தம் படித்துவிட்டார். இரண்டாம் பக்கம் ஈரமாக இருப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி கண்ணீர் அல்ல, அவர் சிரித்தபோது தெறித்த தண்ணீர். இன்றைக்கு மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் தனியாகப் போய் ஆடினாராம். "ஒன்பதாம் நம்பர்ல ஏழு பந்து குளத்துல. எட்டாவதுக்கு ஏழாம் நம்பரை எடுத்தேன், கொடிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு" என்றார். "அப்போ உங்க ஏழாம் நம்பர் நூத்தி இருபத்தாறுங்கய்யா" என்றேன். "இப்போவாவது சொன்னியே" என்றார். நாளைக் காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். துப்பாக்கியும் வருமாம், நானும் வர வேண்டுமாம்.

அப்புறம் கதவுவரை போனவர் திரும்பி வந்து, "நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "ஆறு வருஷமா உனக்கு பிரஷர் நூத்தி முப்பதுன்னு சொல்றேனே." "ஆமாங்கய்யா, இளவட்டம் மாதிரின்னு." "முதல் நாள் பார்த்தப்போ நூத்தி எழுபத்தெட்டு. சொல்லியிருந்தா அன்னைக்கே நீ படுக்கையைப் போட்டிருப்ப. அதனால குறைச்சுச் சொன்னேன்." "அப்போ தினமும் முழுங்கறேனே, அந்தச் சத்து மாத்திரை?" "அது சத்து இல்லய்யா, பிரஷருக்கு." "இப்போ எவ்வளவுங்கய்யா?" என்று கேட்டேன். "இப்போ நிஜமாவே நூத்தி முப்பதுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இது உங்கள் அத்தைக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

நிஜமான நூற்று முப்பதா, எனக்கென்று தைத்த நூற்று முப்பதா, யாரைக் கேட்பேன்? அதனால் மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். தூரக் கருவி மூன்றில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், எல்லாம் உத்தமம். வாங்குகிற கையோடு, கையில் சுற்றிப் பிரஷர் பார்க்கிற கருவி ஒன்று எனக்கு உடனே அனுப்பி வையுங்கள். எழுத்துத்தான் எனக்கு வராது, எண் படிப்பேன். உங்கள் அத்தைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். இதை எழுதுகிறவளும் அவள்தான், அதற்கு நான் என்ன செய்ய?